‘சாப்ட்வேர் போடுவது’ என்றால் போனுக்குள் என்ன நடக்கிறது?

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பூ விற்கும் அக்கா ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தன் போனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். துணியை விலக்கினால், தயாரித்த நிறுவனத்தின் பெயர் திரையில் வருகிறது, மறைகிறது, மறுபடியும் வருகிறது. அதைத் தாண்டி நகரவில்லை. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது சின்ன மகன் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டானாம்.

“கடையில் காட்டினேன். சாப்ட்வேர் போட வேண்டும், எல்லாம் போய்விடும் என்கிறார்கள். எல்லாம் என்றால் எது தம்பி?” என்று கேட்டார்.

பெங்களூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஆறு ஆண்டுகள் போன் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவன் நான். ‘எல்லாம் போய்விடும், சம்மதமா?’ என்று நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டிருக்கிறேன். எது போகும், எது போகாது, எது போகவே கூடாது என்று ஒருவருக்கும் விளக்கியதில்லை. சம்மதம் வாங்கிவிட்டால் நம் தலை தப்பியது என்பதுதான் கடை நியாயம். அக்காவுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வீடு, சாமான், காத்தா

பெங்களூரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வீட்டில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. சுவர், தரை, மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் வீட்டுக்காரருடையவை. பீரோ, கட்டில், சாமி படம் எல்லாம் குடியிருப்பவருடைய சாமான்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: காத்தா, அதாவது அந்த வீட்டுக்கான மாநகராட்சிச் சொத்துப் பதிவு. அது வெறும் காகிதம்தான். ஆனால் அது இல்லாத வீட்டை வாங்கவோ விற்கவோ போனால் தெரியும் சேதி.

போனுக்குள்ளும் இப்படித்தான். ஆண்ட்ராய்டு அல்லது ஐ.ஓ.எஸ்., அதைத் துவக்கி வைக்கும் சிறு நிரல்கள், செல்போன் கோபுரத்தோடு பேசும் மோடத்துக்கான நிரல் ஆகியவை நிறுவனம் எழுதிக் கொடுத்தவை. ஒரே மாடலைச் சேர்ந்த லட்சம் போன்களிலும் இவை ஒன்றேதான். இந்தத் தொகுதியைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். தமிழில் நிலைபொருள் என்றும் எழுதுகிறார்கள். படங்கள், எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் உங்கள் சாமான்கள். மூன்றாவது வகை, அந்த ஒரு போனுக்கு மட்டுமே உரியது: ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க அடையாள எண், வைஃபை, புளூடூத் முகவரிகள், ஆன்டெனாவைத் தொழிற்சாலையில் அளந்து எழுதி வைத்த சீரமைப்பு மதிப்புகள். இதுதான் போனின் காத்தா.

மூன்றும் இருப்பது பெரும்பாலும் ஒரே சேமிப்புச் சில்லில்தான். ஆனால் உள்ளே தடுப்புச் சுவர்கள் எழுப்பித் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கணினியைக் கொண்டு ஃபர்ம்வேரை மீட்பது என்பது, நிறுவனத்தின் பகுதிகளை மட்டும் அழித்து, அவற்றின் சுத்தமான பிரதியை யூ.எஸ்.பி. கம்பி வழியாக மறுபடியும் எழுதுவது. சாமான்கள் இருக்கும் பகுதியைத் தொடலாம், தொடாமலும் விடலாம். அது நாம் தேர்ந்தெடுக்கும் கோப்பையும் முறையையும் பொறுத்தது. காத்தா இருக்கும் பகுதியை ஒருநாளும் தொடக் கூடாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். லோகோவில் நின்ற போனைப் பார்த்தவுடன் பலரும் முதலில் செய்வது ‘ஃபேக்டரி ரீசெட்’. பெயரைக் கேட்டால் எல்லாமே தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் என்று தோன்றுகிறது. உண்மையில் அது சாமான்களை மட்டும்தான் வெளியே எறிகிறது. சுவர்ப் பக்கம் போவதே இல்லை. விரிசல் சுவரில் இருந்தால் ரீசெட்டுக்குப் பிறகும் போன் அதே லோகோவில்தான் நிற்கும். படங்கள் போனதுதான் மிச்சம். சாமான்களே வாசலை அடைத்துக்கொண்டிருக்கும் நேரமும் உண்டு, அதாவது உங்கள் தகவல் பகுதி சிதைந்ததாலேயே போன் திறக்காமல் இருப்பது. அப்போது ரீசெட் பலன் தரும். எது எதனால் என்று தெரியாத நிலையில், சாமான்களைத் தொடாத வழியை முதலில் முயல்வதே புத்தி.

ரீசெட் செய்த பிறகு ‘படங்களை மீட்டுத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் பணப்பையைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இன்றைய போன்களில் தகவல் எல்லாம் பூட்டி, மறையாக்கம் செய்துதான் எழுதப்படுகிறது. ரீசெட் செய்யும்போது போன் அந்தப் பூட்டின் சாவியையே அழித்துவிடுகிறது. சாவி போன பிறகு சில்லைக் கழற்றிப் படித்தாலும் கிடைப்பது அர்த்தமற்ற இரைச்சல்தான்.

கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு

செத்துப்போனது போலத் தெரியும் போனோடு கணினி எப்படிப் பேசுகிறது? பொத்தானை அழுத்திய கணத்தில் நடப்பதைப் பார்த்தால் புரியும்.

போனின் செயலிக்குள் (பிராசசர்) மாற்றவே முடியாத ஒரு சின்ன நிரல் இருக்கிறது. சில்லு உருவானபோதே அதில் பதிக்கப்பட்டது. பூட் ராம் என்று பெயர். முதலில் எழுவது அதுதான். அது சேமிப்பிலிருந்து பூட்லோடர் என்ற துவக்க நிரலை எடுத்து, நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. சரியாக இருந்தால் பொறுப்பை ஒப்படைக்கிறது. பூட்லோடர் அதேபோல் ஆண்ட்ராய்டின் கருவைச் சரிபார்த்து எழுப்புகிறது. கரு மற்றதையெல்லாம் எழுப்புகிறது. இந்த வரிசையில் எங்கே அறுந்ததோ அங்கே போன் நிற்கிறது. லோகோ வரைக்கும் வந்துவிட்டது என்றால் முதல் ஒன்றிரண்டு கட்டங்கள் நலமாக இருக்கின்றன. ஆகவே லோகோவில் நிற்கும் போனைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. பயம் எல்லாம், எதை அழுத்தினாலும் கறுப்பாகவே இருக்கும் போனைப் பார்த்துத்தான்.

ஒவ்வொரு கட்டத்திலும் பழுதுபார்ப்பவருக்கென்று ஒரு பக்கவாட்டுக் கதவு வைத்திருக்கிறார்கள். மேலோட்டமானது ரிக்கவரி: ஆண்ட்ராய்டின் உள்ளே போகாமல், சில கட்டளைகள் மட்டும் கொண்ட சிறு பட்டியல். அதற்கும் கீழே பூட்லோடரின் கதவு. கூகுள், ஷாவ்மி போன்ற பல நிறுவனங்களில் இதை ஃபாஸ்ட்பூட் என்பார்கள், சாம்சங்கில் டவுன்லோட் மோட். எல்லாவற்றுக்கும் அடியில், பூட் ராம் நேரடியாகத் திறக்கும் அடித்தளக் கதவு. குவால்காம் சில்லுகளில் இ.டி.எல்., ஐபோனில் டி.எஃப்.யூ. குவால்காம் போன் இந்த நிலையில் இருந்தால் திரையில் ஒரு பொட்டு வெளிச்சமும் இருக்காது. ஆனால் கம்பியைச் செருகியதும் விண்டோஸ் கணினி ‘டிங்’ என்று ஒலிக்கும், கருவிகளின் பட்டியலில் 9008 என்று முடியும் ஒரு பெயர் வந்து உட்காரும். மேசையில் பிணம்போல் கிடந்த போனுக்கு அந்த ஓசை கேட்டதும் பாதி உயிர் வந்ததாக எடுத்துக்கொள்வோம். இந்தக் கதவு வழியாக உள்ளே போக, நிறுவனம் கையொப்பமிட்ட தனிக் கோப்பு ஒன்று வேண்டும். அதைப் பொதுவாக வெளியில் தருவதில்லை. தொடக்கநிலையினர் இங்கே வந்துவிட்டால் அதிகாரபூர்வ சேவை மையத்துக்குப் போவதே நல்லது.

2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. நிறுவனத்தின் பகுதிகளையே ஏ, பி என்று இரண்டு பிரதிகளாக வைத்துவிடுவது. நீங்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கும்போதே மேல்தளத்துக்கு வெள்ளையடித்து, அடுத்த முறை போன் எழும்போது குடியை மாற்றிவிடுவது. பாதியில் மின்சாரம் போனாலும் பழைய தளம் அப்படியே இருக்கும். எல்லா போன்களும் இந்த முறைக்கு மாறிவிடவில்லை. அக்காவின் போன் பழைய வகை, ஒற்றைத் தளம்.

கணினியைத் திறப்பதற்கு முன்

சக்திப் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பல போன்களில் இது கட்டாய மறுதொடக்கம். ரிக்கவரிப் பட்டியல் திறந்தால், அதில் ‘கேஷ்’ என்ற தற்காலிகக் கோப்புப் பகுதியை மட்டும் துடைக்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது சாமான்களைத் தொடாது. அதை ஒட்டிய வரியிலேயே முழுவதையும் அழிக்கும் கட்டளை இருக்கும், ஒலிப் பொத்தானை ஒரு தட்டு தவறவிட்டால் கதை முடிந்தது. நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

அடுத்து கம்பி. என் அனுபவத்தில் பாதித் தோல்விகளுக்குக் காரணம் இந்த அற்பப் பொருள்தான். சாதாரண யூ.எஸ்.பி. 2 கம்பிக்குள் நான்கு இழைகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. நடைபாதையில் விற்கும் மலிவுக் கம்பிகள் சிலவற்றில் தகவல் இழைகளே இருப்பதில்லை. சார்ஜ் ஏறும், கணினிக்கு மட்டும் போன் இருப்பதே தெரியாது. நலமாக இருக்கும் வேறொரு போனை அதே கம்பியில் மாட்டி, ஒரு படத்தைக் கணினிக்கு நகலெடுத்துப் பாருங்கள். நகலானால் கம்பி நல்லது. யூ.எஸ்.பி. ஹப் வேண்டாம், கணினியின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். விண்டோஸ் என்றால், போனைக் கணினிக்கு அடையாளம் காட்டும் ‘டிரைவர்’ என்ற அந்த நிறுவனத்தின் நிரலையும் நிறுவிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கருவிப் பட்டியலில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறியோடு பெயர் தெரியாத விருந்தாளியாகப் போன் நிற்கும்.

மேசைக் கணினியைவிட மடிக்கணினி மேல். மழைக்காலப் பெங்களூரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பூட்லோடர் பாதி எழுதப்பட்ட நேரத்தில் போனால் லோகோ வரை வந்த போன் லோகோவும் இல்லாததாகிவிடும். போனிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: போனில் இருக்கும் கூகுள் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 முதல், போனை வெளியிலிருந்து அழித்தால் அது முன்பிருந்த கணக்கைக் கேட்கும். திருடனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக. ஐபோனில் இதே வேலையை 2013 முதல் ஆக்டிவேஷன் லாக் செய்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களின் போனில் இருக்கும் ஜிமெயில், வாங்கிய அன்று கடைப் பையன் ஏதோ ஒரு பெயரில் உருவாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் அவனுக்கும் நினைவில்லை. சாப்ட்வேர் போட்டு, போன் பளபளவென்று எழுந்து, கணக்கைக் கேட்டு நிற்கும்போது எஸ்.பி. ரோட்டில் வயதானவர்கள் எவ்வளவோ பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். வாங்கிய ரசீது இருந்தால் நிறுவனத்தின் சேவை மையம் உதவக்கூடும். ஊருக்குப் போகும்போது அம்மா அப்பாவின் போனில் அந்தக் கணக்கு என்னவென்று பார்த்து, கடவுச்சொல்லைக் காலண்டரின் பின்பக்கத்திலாவது எழுதி வையுங்கள்.

கடைசியாக, போன் வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் தேவைப்படும்.

சரியான கோப்பு

‘சாம்சங் போனுக்கான ஃபர்ம்வேர்’ என்று ஒன்று கிடையாது. மாடல் எண் கடைசி எழுத்து வரைக்கும் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் விற்கும் போன் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு மோடத்தோடு, சில நேரம் வெவ்வேறு செயலியோடுகூட வருகிறது.

பதிப்பும் பொருந்த வேண்டும். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பழைய மென்பொருளுக்கு யாரும் திரும்பிப் போய்விடக் கூடாது என்று போனுக்குள் ஒரு எண்ணை ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். அதற்குக் கீழே உள்ள எதையும் போன் ஏற்காது. பிக்சல் 6 போன்கள் 2022-இல் ஆண்ட்ராய்டு 13-க்குப் போன பிறகு 12-இன் பூட்லோடருக்குத் திரும்ப முடியாமல் போனது இப்படித்தான். சாம்சங்கில் இந்த எண்ணைக் கோப்பின் பெயரிலேயே படிக்கலாம். பதிப்பின் பெயர் ‘3ஏயூஈ1’ (3AUE1) என்று முடிவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிற்கும் 3 தான் பூட்லோடர் எண். உங்கள் போனில் 4 இருந்தால் இந்தக் கோப்பு உதவாது. யூ என்றால் 2021. ஈ ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்து, ஆகவே மே மாதம். 1 அந்த மாதத்தின் முதல் தொகுப்பு. ஜாதகக் கட்டம்போல இருந்தாலும் படிக்கப் பழகிவிட்டால் ஒரு பார்வையில் கோப்பின் வயதைச் சொல்லிவிடலாம்.

எங்கிருந்து எடுப்பது? கூகுள் தன் பிக்சல் போன்களுக்கான கோப்புகளைத் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஷா-256 என்ற 64 எழுத்து எண்ணுரு இருக்கும். பதிவிறக்கிய கோப்புக்குக் கணினியில் அதே எண்ணுருவைக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது. பல ஜி.பி. அளவுள்ள கோப்பு நம் வீட்டு இணையத்தில் குறைபட்டு வந்து சேர்வது அதிசயமே இல்லை. காசு கேட்டு, கடவுச்சொல் போட்டுக் கோப்புகளை விற்கும் தளங்களின் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

எழுதும் வேலை

சாம்சங்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஓடின் என்ற விண்டோஸ் கருவிதான் பழுதுபார்ப்பவர்களின் கையில் புழங்குகிறது. சாம்சங் அதைப் பொதுமக்களுக்கென்று வெளியிடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். போனை அணைத்து, இரண்டு ஒலிப் பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தபடி கணினியோடு இணைத்த கம்பியைச் செருகினால், அண்மைய மாடல்களில் நீலப்பச்சைத் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் டவுன்லோட் மோட். ஓடினின் மேல்மூலையில் ஒரு சின்னப் பெட்டி நீலமாகும். கணினி போனைப் பார்த்துவிட்டது.

நான்கு கட்டங்களில் நான்கு கோப்புகள். பி.எல். என்பது பூட்லோடர். ஏ.பி. என்பது ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி. இதைச் சேர்த்ததும் ஓடின் சில நிமிடம் உறைந்துபோனதுபோல் நிற்கும். உண்மையில் கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது, பொறுமையிழந்து மூடிவிடாதீர்கள். சி.பி. மோடத்துக்கு. நான்காவது சி.எஸ்.சி., நாடும் தொலைபேசி நிறுவனமும் சார்ந்த அமைப்புகள். இந்த நான்காவதில்தான் அக்காவின் கேள்விக்கான விடை இருக்கிறது. தொகுப்பைப் பிரித்தால் சி.எஸ்.சி. என்று தொடங்கும் ஒரு கோப்பும், ஹோம் சி.எஸ்.சி. என்று தொடங்கும் இன்னொன்றும் இருக்கும். முதலாவது சாமான்களைத் தூக்கி எறியும். இரண்டாவது அவற்றை விட்டுவைக்கும். ‘எல்லாம் போய்விடும்’ என்பதும் ‘ஒன்றும் போகாது’ என்பதும் சில நேரம் இந்த ஒரு சொடுக்கின் வேறுபாடுதான். முதல் முயற்சி ஹோமோடு. அதிலும் எழவில்லை என்றால் மட்டும் மற்றது. ‘ரீ-பார்ட்டிஷன்’ என்று ஒரு குறிப்பெட்டி இருக்கும். அது தடுப்புச் சுவர்களையே இடித்துக் கட்டுவது. அதைத் தொடவே வேண்டாம்.

தொடங்கிய பிறகு கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை நகரவில்லை என்று கம்பியை இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக நிற்கும் வள்ளுவர், திறப்பு விழாவுக்காக 1991 முதல் 2009 வரை பதினெட்டு ஆண்டுகள் துணிக்குள் காத்திருந்தார். நாம் பதினைந்து நிமிடம் காத்திருக்கலாம். பச்சைக் கட்டத்தில் ‘பாஸ்’ என்று வந்ததும் போன் தானாக எழும். முதல் முறை எழுவதற்கும் சில நிமிடங்கள் ஆகும்.

பிக்சலில் ஒரு சிக்கல் உண்டு. முழு ஃபர்ம்வேரை ஃபாஸ்ட்பூட்டில் எழுத, பூட்லோடரின் பூட்டைத் திறந்திருக்க வேண்டும். திறந்தாலோ தகவல் முழுவதும் அழியும். அந்த அனுமதியைப் போனின் அமைப்புகளுக்குள் போய் முன்கூட்டியே தந்திருக்கவும் வேண்டும், எழவே எழாத போனில் அது ஆகாத காரியம். வழி இருக்கிறது: கூகுள் தனியாகத் தரும் முழு ஓ.டி.ஏ. (அப்டேட்) கோப்பை ரிக்கவரி வழியாகக் கணினியிலிருந்து ஏற்றலாம். பூட்டு பூட்டியபடியே இருக்கும், சாமான்களும் இருக்கும். ஷாவ்மியின் மி ஃபிளாஷ் கருவியில் கீழ்வரிசையில் மூன்று தேர்வுகள். எல்லாவற்றையும் அழித்துப் பூட்டையும் போடுவது தானாகவே தேர்வாகியிருக்கும் ஒன்று. கவனிக்காமல், வேறு நாட்டுக் கோப்போடு அதை ஓடவிட்டால் போன் திறக்க மறுக்கும், பூட்டும் விழுந்துவிடும்.

மீடியாடெக் சில்லுள்ள போன்களுக்கான எஸ்.பி. ஃபிளாஷ் டூலிலும் மூன்று தேர்வுகள். பதிவிறக்கம் மட்டும், ஃபர்ம்வேர் மேம்பாடு, எல்லாவற்றையும் அழித்துப் பதிவிறக்கம். மூன்றாவதைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது சித்தப்பா மகனின் போன். வேலைக்குச் சேர்ந்த புதிது, ‘எல்லாவற்றையும் அழித்தால் சுத்தமாக இருக்கும்’ என்று நினைத்தேன். போன் அழகாக எழுந்தது. சிம் போட்டேன், சிக்னல் இல்லை. *#06# அடித்தேன், 15 இலக்கம் வர வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. சுவரைச் சுரண்டும்போது காத்தாவையும் சேர்த்துச் சுரண்டிவிட்டிருந்தேன். முன்பே பிரதி எடுத்து வைத்திருந்தால் திருப்பி எழுதியிருக்கலாம், எடுக்கவில்லை. அந்தப் போன் பிறகு வைஃபையில் பாட்டுக் கேட்க மட்டும் பயன்பட்டது. சித்தப்பா மகன் இன்றும் விசேஷ வீடுகளில் என்னை ‘என்ஜினியர்’ என்று கூப்பிடுவதன் காரணம் அதுதான்.

இன்னொரு எண்ணைத் திருட்டுத்தனமாக எழுதித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்துவது குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது.

ஐபோனில் நமக்கு வேலை குறைவு. மேக் என்றால் ஃபைண்டர், விண்டோஸ் என்றால் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் ஆப். ஐபோன் 8-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் ஒலியைக் கூட்டுவதை ஒரு தட்டு, குறைப்பதை ஒரு தட்டு, பிறகு பக்கப் பொத்தானை, கணினியும் கம்பியும் கொண்ட படம் வரும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். ஆப்பிள் சின்னம் வந்ததும் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அதையும் தாண்டிப் பிடியுங்கள். கணினி ‘அப்டேட்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டு பொத்தான்கள் காட்டும். முதலாவது சாமான்களை வைத்துக்கொண்டு வெள்ளையடிப்பது, இரண்டாவது காலி செய்துவிட்டு அடிப்பது. எப்போதும் அப்டேட்டை முதலில் முயலுங்கள். கோப்பு இறங்க 15 நிமிடத்துக்கு மேலானால் போன் அந்த நிலையிலிருந்து வெளியேறிவிடும்; இறங்கி முடிந்தபின் பொத்தான் வித்தையை மறுபடியும் செய்தால் போதும். எந்தப் பதிப்பு என்ற கவலை உங்களுக்கு இல்லை: ஒவ்வொரு முறையும் ஆப்பிளின் சர்வர் அந்தக் குறிப்பிட்ட போனுக்கென்று கையொப்பமிட்டால்தான் எழுத முடியும், பழைய பதிப்புகளுக்கு அது கையொப்பமிடுவதை நிறுத்திவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் எழுதுதல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுமாறி நின்றால், சேமிப்புச் சில்லு தேய்ந்திருக்கலாம். ஃபிளாஷ் நினைவகத்தை இத்தனை முறைதான் அழித்தெழுத முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. தண்ணீரில் விழுந்த போன், கீழே விழுந்து அதன்பின் அணைந்த போன் ஆகியவற்றுக்கும் ஃபர்ம்வேர் மருந்தல்ல. சுவரே இடிந்த வீட்டுக்கு வெள்ளையடித்து என்ன பயன்?

அக்காவின் போனில் கட்டாய மறுதொடக்கம் பலிக்கவில்லை, கேஷைத் துடைத்தும் பலிக்கவில்லை. மாடல் எண்ணைப் பார்த்துக் கோப்பை இறக்க இரவு எட்டு மணி ஆனது. தகவலைத் தொடாத முறையில்தான் எழுதுகிறேன், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது என்றேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, கூடையில் மிச்சமிருந்த கனகாம்பரத்தைத் தொடுத்துக்கொண்டிருந்தார். பட்டை முடிந்தது. லோகோ வந்தது, மறைந்தது, வழக்கமான இடத்தில் நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு பூட்டுத் திரையில் அவருடைய மகளின் காதுகுத்துப் படம் வந்தது.

*#06# அடித்து, அட்டைப்பெட்டியைப் பார்த்து அவர் மகன் எழுதிவந்த எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். பதினைந்தும் சரி. “படங்களைப் பாருங்கள் அக்கா, எல்லாம் இருக்கிறதா?” என்றேன். அவர் படங்கள் பக்கம் போகவே இல்லை. தொடர்பு எண்களைத் திறந்து, கே.ஆர். மார்க்கெட் மண்டிக்காரரின் பெயரைத் தேடி எடுத்து அழைத்தார்.

“அண்ணா, நான்தான். நாளைக்கு மல்லி என்ன விலை?”